கைப்பிடி எரு: இந்தோர் முதல் கடவூர் வரை உழவர் பயிற்சியின் ஒரு நூற்றாண்டு

எருக்குவியல் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க, அனுபவப்பட்ட உழவர்கள் வெப்பமானி தேடுவதில்லை. குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் விட்டுவிடுவார்கள். உருவி எடுக்கும்போது பிடிக்க முடியாமல் சுட்டால் மக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. சூடு இறங்கத் தொடங்கியிருந்தால் புரட்டிப் போடும் நேரம் வந்துவிட்டது. போட்ட சில நாளிலேயே சில்லென்று கிடந்தால் ஈரமோ சாணமோ காற்றோ குறைந்திருக்கிறது. அடுத்து ஒரு பிடி அள்ளிப் பிழிவார்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிகுதி; கையை விரித்ததும் பொலபொலவென உதிர்ந்தால் ஈரம் போதாது; கொழுக்கட்டைபோலப் பிடித்தபடி நின்றால் சரி. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்பது தொட்டுப் பார்த்த கைக்கே விளங்கும்.

இந்தக் கையறிவை ஒருவர் மற்றவருக்கு எவ்வாறு கொடுத்தார்கள் என்பதற்கு இந்தியாவில் நூறாண்டு வரலாறு உண்டு. ஆய்வு நிலையம், ஆசிரமம், நகராட்சி உரக்கிடங்கு, அரசுப் பயிற்சி மையம், உழவரின் சொந்த வயல் என்று கற்பிக்கும் இடம் மாறிக்கொண்டே வந்தது. இடம் மாறியபோதெல்லாம் கற்பிக்கப்பட்ட பொருளும் மாறியது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிற்சி முகாம் என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே மண்ணைப் பேணும் முறைகள் இருந்தன. கோடையில் ஏரி, குளங்களின் வண்டலை வண்டிகளில் அடித்து வயலில் கொட்டினார்கள். கொழுஞ்சித் தழையைச் சேற்றில் மிதித்தார்கள். அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து கிடை போட்டார்கள். இரவு முழுதும் ஆடுகள் அடைந்து கிடந்த இடம் மறுநாள் உரமேறிய இடம். இவற்றை யாரும் வகுப்பு வைத்துக் கற்பிக்கவில்லை. பிள்ளைகள் வேலைக்குக் கூடப் போய்க் கற்றார்கள். அந்தத் தொடர்ச்சியின் பக்கத்திலேயே வேறொன்றும் வளரத் தொடங்கியது. 1906இல் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியது. மூட்டையில் வரும் உரத்துக்குக் கூடப் போய்க் கற்கும் பழக்கம் தேவைப்படவில்லை, அளவு தெரிந்தால் போதும்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். இந்திய உழவர்களுக்குப் பாடம் சொல்ல அனுப்பப்பட்டவர், சுற்றுவட்டார உழவர்களிடமும் பயிரைத் தாக்கும் பூச்சிகளிடமும் தான் பாடம் கேட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். மனைவி கேப்ரியேலும் தாவர அறிவியலாளர். இருவரும் சேர்ந்தே ஆய்வுகளை நடத்தினர். 1924இல் இந்தோரில், ஹோல்கர் சமஸ்தானம் கொடுத்த சுமார் 300 ஏக்கர் நிலத்தில் பயிர்த்தொழில் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. பணம் பெரும்பாலும் இந்திய மத்தியப் பருத்திக் குழுவிடமிருந்து வந்தது. பருத்தி ஆய்வுக்காக ஏற்பட்ட இடத்தில் பருத்திமாரையும் கூளத்தையும் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து இந்தோர் முறை பிறந்தது.

அதன் செய்முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்ட குழி. மாட்டுக் கொட்டிலில் தரையில் பரப்பிய மண் மூத்திரத்தை உறிஞ்சியிருக்கும்; அந்த மண்ணை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். பருத்திமார் போன்ற கடினமான தண்டுகளை வண்டித் தடத்தில் போட்டுச் சக்கரத்தில் நசுங்கவிட்டு, பிறகு மாடுகளுக்குப் படுக்கையாக விரிப்பார்கள். இந்தக் கூளம், சாணம், மூத்திர மண், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளிப்பார்கள். இரண்டு வாரமளவில் ஒரு புரட்டு, ஒரு மாதத்தில் இரண்டாவது, இரண்டு மாதத்தில் மூன்றாவது. மூன்று மாதத்தில் எரு தயார். வேதியியலாளர் யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து ஹோவார்டு 1931இல் இதை நூலாக வெளியிட்டார். இதிலுள்ள ஒவ்வொரு பொருளும் உழவர் வீட்டுக் கொல்லையில் கிடப்பதுதான். ஹோவார்டு சேர்த்தது காலக்கணக்கையும் காற்றோட்டத்தின் காரணத்தையும். ஆய்வு நிலையம் உழவரிடம் கடன் வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுத்த அரிய தருணம் அது என்றே நான் கருதுகிறேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ் மண்ணிலும் முக்கியமான ஆய்வொன்று நடந்தது. கோவை வேளாண் கல்லூரியில் 1909 முதல் நிரந்தர உரச் சோதனைத் திடல்கள் இருந்தன. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு செய்துவந்த ராபர்ட் மெக்காரிசன், அத்திடல்களில் தொழுவுரம் இட்டு விளைந்த தானியத்துக்கும் இரசாயன உரம் இட்டு விளைந்ததற்கும் சத்தில் வேறுபாடு உண்டா என்று சோதித்து 1926இல் முடிவுகளை வெளியிட்டார். தொழுவுரத் தானியம் சிறந்தது என்பது அவருடைய முடிவு. பின்னாளில் இயற்கை வேளாண்மை பேசிய பலரும் ஹோவார்டு, மெக்காரிசன் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆய்வு நிலையத்திலிருந்து ஊருக்கு எருவைக் கொண்டுபோன பெரும்பணி காந்தியர்களுடையது. 1935இல் இந்தி இலக்கிய மாநாட்டுக்காக இந்தோர் சென்ற காந்தி, அந்த நிறுவனத்தையும் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு ஹரிஜன் இதழ் இந்தோர் முறையை வாசகருக்கு விளக்கியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934இல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, வார்தாவில் ஊர் ஊழியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய பொருளியல் சிந்தனையில் எரு நடுநாயகமான இடம் பெற்றது. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பாவிட்டால் அது வேளாண்மை அல்ல, கொள்ளை என்பது அவர் பார்வை. தம் இறுதி ஆண்டுகளை அவர் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1947 டிசம்பரில், பிரிவினையின் இரத்தத்தில் தோய்ந்து கிடந்த டெல்லியில், காந்தியின் சீடர் மீராபென்னின் முயற்சியால் அகில இந்திய மட்குர மாநாடு கூடியது. இராஜேந்திர பிரசாத் தலைமை வகித்தார். காந்தி அதை வரவேற்று எழுதினார். சில வாரங்களில் அவர் கொல்லப்பட்டார்.

இதற்கிடையில் எரு நகரத்துக்கும் போயிருந்தது. 1939இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சாரியா உருவாக்கிய பெங்களூர் முறையில், நகரக் குப்பையையும் மலத்தையும் பள்ளங்களில் அடுக்கி மண்ணால் மூடிவிடுவார்கள். புரட்ட வேண்டியதில்லை, ஆறேழு மாதம் காத்திருந்தால் போதும். உணவுப் பஞ்சத்தை எதிர்கொள்ள 1943இல் வந்த உணவுப் பெருக்க இயக்கத்தின்போது இம்முறை நகராட்சிகள் பலவற்றுக்குப் பரவியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புரட்டுதல் நின்றதோடு தொட்டுப் பார்க்கும் பாடமும் நின்றது. மலம் அள்ளும் வேலை எந்தச் சாதியினரின் தலையில் சுமத்தப்பட்டிருந்ததோ, பெரும்பாலும் அவர்களே உரக்கிடங்கிலும் உழைத்தார்கள். எருவோடு அன்றாடம் புழங்கிய அவர்களை அதன் ஆசிரியர்களாகப் பார்க்க அத்திட்டத்தில் இடமில்லை.

1960களில் காட்சி மாறிவிட்டது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27, பிறகு ஐ.ஆர். 8 என நெல் ரகங்கள் வந்தன, யூரியாவும் வந்தது. பயிற்சி என்ற சொல்லே புதிய ரகமும் அதற்கான உர அளவும் என்று பொருள்படத் தொடங்கியது. பின்னர் உலக வங்கியின் ஆதரவோடு பரவிய பயிற்சி–பார்வையிடல் முறையில், அலுவலர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து தொடர்பு உழவர் சிலரிடம் செய்தியைச் சொல்வார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூட்டை உரத்தின் அளவைச் சொல்ல இந்த ஏற்பாடு பொருந்தியது. எருக்குவியலின் சூட்டை இப்படி வாய்வழி அனுப்ப முடியாது. பசியின் நெருக்கடியில் எடுத்த முடிவுகளை இன்று உட்கார்ந்து குறை சொல்வது எளிது. ஆயினும் ஒரு தலைமுறை எருப்போடும் பழக்கத்தை விட்டது அந்தக் காலத்தில்தான் என்பதை எழுதாமல் இருக்க முடியாது.

அரசின் ஏற்பாடுகளுக்குள்ளேயே மாற்றுக் குரல்களும் இருந்தன. மோகன் சிங் மேத்தா குழுவின் பரிந்துரைப்படி 1974இல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது. செய்து கற்பது என்பதே அதன் அடிப்படை விதி. அதைவிட ஆழமான மாற்றம் 1986இல் டென்மார்க் நாட்டு உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய தான்வா திட்டத்தில் நடந்தது. பெண் வேளாண் அலுவலர்கள் ஊருக்குள்ளேயே வந்து சிறு, குறு உழவர் குடும்பப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். விதை தேர்வு, விதை நேர்த்தி, உயிர் உரம், தொழுவுரம் என்று பெண்கள் அன்றாடம் செய்யும் வேலைகளே பாடங்கள். கற்றவர் ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சாணம் அள்ளுவதும் குப்பை கொட்டுவதும் காலங்காலமாகப் பெண்கள் வேலை. எரு பற்றிய கூட்டத்துக்கு அழைக்கப்பட்டதோ ஆண்கள். எண்பது ஆண்டுக்காலம் தவறான ஆளிடம் பாடம் சொல்லிவந்ததை முதலில் திருத்தியது இத்திட்டம்.

பயிற்சி உழவரின் வயலுக்கே போவதற்கான தூண்டல் வெளிநாட்டிலிருந்து வந்தது. இதே தசாப்தத்தில் இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லை அழித்தது. பூச்சிமருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியதைக் கண்ட அரசு 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989இல் ஜாவாவில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் பருவம் முழுதும் வாரந்தோறும் வயலில் கூடுவார்கள். செடியையும் பூச்சியையும் பார்த்துப் படம் வரைவார்கள். மருந்து வேண்டுமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். 1990களில் இப்பள்ளிகள் தமிழக வயல்களுக்கும் வந்தன.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வாழ்க்கை இந்த வரலாறு முழுவதையும் தன்னுள் கொண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு 1963இல் கோவில்பட்டி மண்டல ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர், மானாவாரி உழவரால் வாங்க முடியாத இடுபொருட்களை வைத்து ஆய்வு செய்வதில் பயனில்லை என்று 1969இல் வெளியேறினார். களக்காட்டில் அமைதித் தீவு அமைப்பில் பணி. பிறகு புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் உப்பேறிய வயல்களில் தழையும் தக்கைப்பூண்டும் கொண்டு மண்ணை மீட்கும் பணியில் உழவர்களோடு நின்றார். 2009இல் கரூர் மாவட்டம் கடவூரில் வறண்ட நிலத்தில் வானகத்தைத் தொடங்கினார். அங்கே பயிற்சிக்கு வருபவர்கள் தங்கி, மழைநீர்க்குழி வெட்டி, மூடாக்குப் போட்டுக் கற்கிறார்கள். நிலமே மோசமாக இருந்ததுதான் அந்த இடத்தின் பாடம். தன் ஊர்க் கட்டாந்தரையை நினைத்து வருபவருக்கு வளமான பண்ணையைக் காட்டி என்ன பயன்? 2013 டிசம்பர் 30 அன்று, காவிரிப் படுகையின் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பயணத்தின் நடுவே அவர் காலமானார்.

இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் முகாம்கள் இதே காலத்தில் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தன. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், மூத்திரம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் என்ற ஜீவாமிர்தக் கரைசலின் கணக்கு பந்தலுக்குப் பந்தல் பரவியது. அதன் எளிமையை நான் மதிக்கிறேன். ஆனால் பெரிய பந்தலில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகும் கணக்கு, மூட்டை உரத்தின் அளவைப்போலவே இன்னொரு மருந்துச்சீட்டாகிவிடும் ஆபத்து உண்டு.

2023இல் தமிழக அரசு உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. பயிற்சிகள் இனி பெருகும். அவற்றைத் திட்டமிடுவோர் நினைவில் கொள்ள, நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பயிற்சியில், எரு தயாராகிவிட்டது என்று இளைஞரான பயிற்றுநர் சொன்னார். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். “வாடை இன்னும் அடங்கல தம்பி. இன்னொரு புரட்டு போடணும்” என்றார். பயிற்றுநர் மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை அவரிடம் நீட்ட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம், உங்கள் வயலுக்கு எவ்வளவு எரு போடுகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று வருடம் வண்டி வண்டியாக அடித்ததாகவும், மண் புட்டு மாதிரி ஆனதும் நிலத்துக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார். இப்போது கொல்லையில் இருக்கும் இரண்டு மாட்டுச் சாணத்தையும் விற்றுவிடுகிறாராம்.