ஸ்கானர் வாங்கலாம், பொலிசைக் கேட்கக்கூடாது

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். முன்சனை அடுத்த கார்ஹிங்கில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஸ்கானரில் ஆசை வந்தால் வியப்பில்லை. யேர்மனியில் கருவியை வாங்கலாம். வானொலி நிலையங்களையும் அமெச்சூர் வானொலியாளர்களையும் கேட்கலாம். பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ், விமான உரையாடல்களை வேண்டுமென்று கேட்பது குற்றம்: இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது தண்டப்பணம். தற்செயலாகக் காதில் விழுந்ததைக்கூடப் பிறருக்குச் சொல்லக்கூடாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தண்டனைகளையும் பார்ப்பார்கள் என்பதைப் பெற்றோர் மறக்கவேண்டாம்.

பழைய அனலொக் காலத்தில் நோயாளியின் முகவரிகூட அயலாருக்குக் கேட்கும். இன்று டெட்ரா டிஜிற்றல் வலையில், ஒவ்வொரு கருவியிலுமுள்ள சிறு பாதுகாப்பு அட்டை பேச்சை மறைகுறியாக்கிவிடுகிறது. ஸ்கானரில் வெறும் இரைச்சல்தான். வெள்ளம், பெருந்தீ எச்சரிக்கைகளுக்கு அரசின் 'நீனா' செயலி போதும்.