நெகட்டிவுக்கு மாற்று கிடையாது

வாசலூர்பட்டியில் படகு இல்லத்துக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கதவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாண ஜோடி. பின்னால் ஸ்டுடியோ திரை, அதில் வரைந்த மாடிப்படி. மலை ஈரம் ஏறி ஒரு ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. என் கழுத்தில் தொங்கிய பழைய கேமராவைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அம்மா கேட்டார்:

"இதே மாதிரி இன்னொண்ணு போட்டுத் தர முடியுங்களா தம்பி? எங்கப்பாவும் அம்மாவும். மலை எறங்கிப் போயி எடுத்தது."

"நெகட்டிவ் இருக்குங்களாம்மா?"

"அதெல்லாம் ஸ்டுடியோக்காரரே வெச்சுக்குவாருங்க. இப்ப அந்தக் கடையே இல்லீங்களே."

என் கேமராவுக்குள் இருந்தது இங்கிலாந்தில் செய்த ஃபிலிம். ஒரு சுருள் வாங்குகிற காசுக்கு ஒரு வாரம் மெஸ்ஸில் சாப்பிடலாம். நம்மூரிலேயே ஃபிலிம் செய்தார்களே, அது என்ன ஆச்சு என்ற கேள்வி மலை இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவிலும் கூடவே வந்தது.

ஆமாம், செய்தார்கள். கொல்லிமலையிலிருந்து மேற்கே, இன்னொரு மலையில். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது. பிரான்ஸின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் ஊட்டியில் உற்பத்தி ஆரம்பித்தது. ஆலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். ஃபிலிமின் பெயரும் 'இந்து'தான். மதத்தைச் சொல்லும் சொல் இல்லை இது. வடமொழியில் இந்து என்றால் நிலா.

ஏன் ஊட்டி? ஃபிலிம் என்பது அடிப்படையில் ஒரு பூச்சு. விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினில் வெள்ளி உப்புகளைக் கலந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள்மேல் முழு இருட்டில் பூசிக் காயவைக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தால் படத்தில் புள்ளி. வெக்கை ஏறினால் ஜெலட்டின் இளகும். குளிரும் சுத்தமான காற்றும் அந்த வேலைக்குத் தோது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்துவே ஒரு மாற்றுதான். அதுவரை ஸ்டுடியோக்காரர்கள் கோடாக், ஆக்ஃபா, இல்ஃபோர்டு என்று வெளிநாட்டுச் சரக்கை நம்பியிருந்தார்கள். அன்னியச் செலாவணி தட்டுப்பாட்டில் இறக்குமதி இறுகியது. அந்த இடைவெளியில் இன்னொரு மாற்றும் வந்தது: கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்து ஆர்வோ. அந்த நாட்டோடு டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வியாபாரம் செய்ய முடிந்ததால் அது தாராளமாக வந்தது. 70களின் இந்தியத் திரைப்படங்கள் பல ஆர்வோ சுருளில் எடுக்கப்பட்டவை. எந்த ஃபிலிம் நல்லது என்பதைவிட எது கிடைக்கும் என்பதைத்தான் நம் போட்டோக்காரர்கள் முதலில் கேட்டார்கள்.

கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் வித்தையும் இருந்தது. சினிமா ஷூட்டிங்கில் மிஞ்சும் துண்டுச் சுருள்களை வாங்கி, இருட்டறையில் வெட்டி, காலி கேசட்டில் சுற்றிக்கொள்வார்கள். 36 படங்களுக்கு ஐந்தரை அடி போதும். 100 அடி கிடைத்தால் கிட்டத்தட்ட 18 ரோல் தேறும். கழுவும் மருந்தையும் தாங்களே கலந்துகொள்ளலாம். உலகம் முழுக்கப் புழங்கிய டி-76 டெவலப்பரின் கணக்கு ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். ரசம் வைக்கிற மாதிரிதான், அளவு தெரிந்தால் போதும்.

பிறகு கலர் லேப்கள் வந்தன. மெஷினுக்குள் ரோலைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட். கறுப்பு வெள்ளைக்கு ஆள் இருட்டறையில் நிற்க வேண்டும். ஒருகாலத்தில் ஏழையின் படமாக இருந்த கறுப்பு வெள்ளை, கலரைவிடச் செலவு பிடிக்கும் சங்கதியாக மாறிப்போனது. ஊட்டி ஆலை ரோல் ஃபிலிமோடு எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா பிரிண்ட் ஃபிலிம், புரோமைடு தாள் எல்லாம் செய்தது. பாலியெஸ்டர் தாளில் எக்ஸ்ரே ஃபிலிம் செய்யப் பெரும் கடனில் தொடங்கிய திட்டம் அதன் கழுத்தைப் பிடித்தது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவும் அகலத் திறந்தது. 1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிப்பு வந்தது. 2014இல் மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அமைச்சரவை பணம் ஒதுக்கியது. அவ்வளவுதான்.

இது ஊட்டியின் கதை மட்டும் இல்லை. வோல்ஃபன் ஆலை 90களின் நடுவில் மூடப்பட்டது. இல்ஃபோர்டு 2004இல் திவால் நிலைக்குப் போனது, அடுத்த வருஷமே அதன் மேலாளர்கள் சிலர் கறுப்பு வெள்ளைப் பிரிவை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். கோடாக் 2011இல் பிளஸ்-எக்ஸை நிறுத்தியது, 2012இல் தானே திவால் மனு போட்டது. ஃபுஜி 2018இல் ஆக்ரோஸை நிறுத்துவதாகச் சொன்னது. ரசிகர்கள் விடவில்லை. 2019இல் ஆக்ரோஸ் 2 வந்தது.

ஆக, இன்று ஒருவர் இந்துவுக்கோ ஆர்வோவுக்கோ மாற்று தேடினால் கிடைக்காமல் போகாது. இல்ஃபோர்டு எஃப்பி4, எச்பி5 இருக்கின்றன. செக் நாட்டின் ஃபோமா இருக்கிறது. 1959இல் வந்த கோடாக் டபுள்-எக்ஸ் சினிமா ஃபிலிம் இன்னும் ஓடுகிறது. 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக அதையே 65 மி.மீ. அகலத்தில் முதன்முறையாகச் செய்து கொடுத்தார்கள். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் மலிவாக இருக்கிறதே என்று எக்ஸ்ரே ஃபிலிமைக்கூட வெட்டிப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் மாற்று என்றால் அப்படியே அதுவாகிவிடாது. எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் குங்குமப் பொட்டு கரிப்பொட்டாக விழும், நம் தோல் நிறம் இன்னும் இரண்டு படி கறுக்கும். எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமேட்டிக் ஃபிலிமில் அதே பொட்டு வெளிறும். கழுவும் நேரமும் மாறும். எச்பி5க்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 20 டிகிரி தண்ணீருக்கு. கொல்லிமலை மேலே மார்கழியில் அது குழாயிலேயே வரலாம், கீழே நாமக்கல்லில் சித்திரையில் ஐஸ்கட்டி வாங்க வேண்டும். எனவே புது ஃபிலிம் எது வாங்கினாலும் முதல் ரோலைப் பரீட்சைக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஒரே ஆளை, ஒரே வெளிச்சத்தில், வெளிச்ச அளவை மட்டும் மாற்றி மாற்றி எடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் கழுவிப் பார்த்தால் அந்த ஃபிலிம் பிடிபட்டுவிடும்.

இதெல்லாம் தெரிந்த தெம்பில் அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தைத் தேடிப் போனேன். இப்போது அங்கே மொபைல் கடை. பக்கத்து டீக்கடைக்காரருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "நெகட்டிவா? மூட்டை மூட்டையா இருந்துச்சுங்க. வெள்ளி எடுக்கறவங்க வந்து எடைக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாடு முழுக்க நடந்ததுதான் இது. எந்த வெள்ளி முகங்களை நமக்குத் தந்ததோ, அந்த வெள்ளிக்காகவே முகங்கள் கரைக்கப்பட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழக ஸ்டுடியோக்களில் மிஞ்சியதைத் தேடி டிஜிட்டல் நகலெடுத்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டியது கொஞ்சம்தான்.

நிறுத்திய ஃபிலிமைப் பற்றி ஏங்க நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் ஃபிலிமை இன்னொரு நாட்டிலாவது இன்னொருவர் செய்துவிடுவார். அந்த ஜோடி ஸ்டுடியோ திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்து உட்கார்ந்த அந்த நொடியை யாரும் மறுபடி பூசிக் காயவைக்க முடியாது. உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோ ஒன்று இருந்தால், கேமரா கேட்டுப் போவதற்கு முன்னால் நெகட்டிவ் கேட்டுப் போங்கள். நியூஸ்பேப்பர் உறையிலிருந்து எடுத்து, ஈரம் படாத டப்பாவில் போட்டு, உறையில் எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் குறித்துவைத்தால்கூடப் போதும்.

அடுத்த மாதம் வாசலூர்பட்டிக்கு மறுபடி போனேன். கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்த பிரிண்ட்டைப் பிரிக்கப் பயமாக இருந்தது. சட்டத்தோடு வாசலுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியில் வானம் தெரியாதபடி ஒரு கறுப்புத் துணியை மறைவாகப் பிடித்துக்கொண்டு, அந்த இங்கிலாந்து ஃபிலிமில் நாலு படம் எடுத்தேன். கழுவியதில் நன்றாக வந்த ஒன்றைப் பிரிண்ட் போட்டு, நெகட்டிவை உறையிலிட்டு இரண்டையும் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் நெகட்டிவை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கம்மா பொடவ வெள்ளையா தெரியுதுங்களே. அது அரக்குங்க."

"நெகட்டிவ்ல தலைகீழாத்தான்மா தெரியும். பத்திரமா வெச்சிருங்க."

"இத இனி யாருகிட்டயும் குடுக்க மாட்டனுங்க," என்றார்.