எங்கள் திண்ணைக்குப் பனியன் அச்சு வந்த கதை



தொழில் செய்கிற குழுக்களின் வரலாறு இந்த மலரில் வர வேண்டும், பனியன் பிரிண்டிங் கதையை நீயே எழுதிவிடு என்று கூட்டமைப்புத் தலைவி சொன்னார். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் தீர்மான நோட்டு எழுதியது நான்தான். அந்த நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லாபம் வந்ததும் அதில் இருக்கிறது, நட்டப்பட்டதும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். நோட்டில் விட்டுப்போன ஒன்றையும் கடைசியில் சொல்லியாக வேண்டும்.

வலை வந்த வழி

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் பெரிய மெஷின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நாலு கட்டைச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி, மை இழுக்க ஒரு ரப்பர் கட்டை. அடிப்படை இவ்வளவுதான். கோல மாவை ஓட்டை போட்ட அச்சில் கொட்டி வாசலில் தேய்த்து எடுக்கிறோமே, அதே கணக்குதான். ஓட்டை உள்ள இடத்தில் மாவு இறங்கும், மற்ற இடத்தில் இறங்காது.

ஜப்பானில் பல நூறு வருஷத்துக்கு முன்பே காகிதத்தில் பூ வேலை வெட்டி, அதை வைத்துத் துணியில் அச்சடித்தார்கள். வெட்டிய காகிதம் பிய்ந்து போகாமல் இருக்கப் பட்டு நூலைக் குறுக்கே ஓட்டி வைத்தார்கள். 1907-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் பட்டு வலையைச் சட்டத்தில் கட்டி அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதனால்தான் இன்றைக்கும் பழைய ஆட்கள் இதை சில்க் ஸ்கிரீன் என்கிறார்கள். இப்போது பட்டு இல்லை, பாலியெஸ்டர் வலைதான்.

நமக்கும் இது புதுசு இல்லை. அம்மா காலத்து மஞ்சப்பையில் ஜவுளிக்கடைப் பெயரும், கல்யாணத் தாம்பூலப் பையில் மாப்பிள்ளை பெண் பெயரும் இருக்குமே, அதெல்லாம் இப்படி அடித்ததுதான்.

பனியன் ஊர்

திருப்பூரில் பனியன் நெய்வது 1920-களிலேயே தொடங்கிவிட்டது. ரொம்ப நாளைக்கு உள்ளே போடும் வெள்ளைப் பனியன்தான். 1970-களின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் வரத் தொடங்கியதும் கலர் பனியன் வந்தது, டி-சர்ட் வந்தது, அதன் மேல் படமும் எழுத்தும் வந்தது. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் என்று பிரிந்த வேலையில் பிரிண்டிங்கும் ஒரு தனி வேலையானது. கம்பெனிகள் அதை வெளியே ஜாப் ஒர்க்காகக் கொடுத்தார்கள். சந்து சந்தாக பிரிண்டிங் பட்டறைகள் வந்தன.

அப்படி ஒரு பட்டறையில் நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். நீள டேபிளில் பீஸ் ஒட்டுவது, அடித்ததை எடுத்துக் காயப் போடுவது, மை கலக்குவது என்று எல்லாம் அங்கேதான் பழகினேன். ரப்பர் கட்டை பிடிக்க மட்டும் பொம்பளைகளை விடமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் இல்லாதபோது வேஸ்ட் துணியில் இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

2008 கடைசியில் அமெரிக்காவில் பேங்குகள் விழுந்து, இங்கே ஆர்டர் குறைந்தது. ஆறு நாள் வேலை மூன்று நாளானது. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள்.

முதல் கடன்

குழு என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் பன்னாட்டு நிதி உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களுக்கு பேங்க் கடன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. எங்கள் ஊருக்கு 2001-ல் வந்தது. பன்னிரண்டு பேர், மாசம் ஐம்பது ரூபாய் சந்தா.

2009 பொங்கல் கழித்து நான் கூட்டத்தில் எழுந்து பிரிண்டிங் பற்றிச் சொன்னேன். ஐந்து பேர் சேர்ந்தோம். குழுவின் உள்கடன் பதினைந்தாயிரம், நூற்றுக்கு ஒரு வட்டி. என் வீட்டுத் திண்ணையில் பழைய கதவு ஒன்றைக் கல் மேல் போட்டு, கம்பளி விரித்து, மேலே ரெக்ஸின் இழுத்து ஆணி அடித்தோம். அதுதான் டேபிள்.

ஸ்கிரீன் போடுவதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலையில் ஒரு மருந்தைத் தடவி இருட்டறையில் காய வைக்க வேண்டும். படம் கருப்பாக இருக்கும் பிலிமை அதன் மேல் வைத்து, கண்ணாடியால் அமுக்கி வெளிச்சத்தில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து இறுகிவிடும். கருப்பு மறைத்த இடம் இறுகாது, தண்ணீர் அடித்தால் கரைந்து ஓடும். அந்த வழியாகத்தான் மை இறங்கும். எங்களுக்கு லைட் பெட்டி கிடையாது. வெயிலில் வைத்து எண்ணினோம். மேகம் மறைத்தால் எண்ணிக்கை தப்பிப் போகும், திரும்பக் கழுவித் திரும்பப் போடுவோம். முதல் பத்து ஸ்கிரீனில் ஆறு வீணானது.

காதர்பேட்டையில் பீஸ் எடுத்து வந்து கபடி டீமுக்கு இருபது, பொங்கல் விளையாட்டு விழாவுக்கு முப்பது என்று அடித்துக் கொடுத்தோம். "பொம்பளைங்க அடிச்சதாட்ட தெரியலீங்களே" என்று ஒருத்தர் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

தைப்பூச ஆர்டர்

அடுத்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் நூற்றைம்பது மஞ்சள் பனியன் கேட்டார்கள். முன்னால் சிவப்பு வேல், பின்னால் ஊர்ப்பெயர். பீஸ் ஒன்று தொண்ணூறு ரூபாய், மொத்தம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை பார்த்ததில்லை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடித்தோம். கொடி கட்டிக் காயப்போட்டோம்.

மடித்துக் கட்டும்போது எங்கள் ஐவரில் சின்னவள் சொன்னாள்: "ஏனுங்க்கா, ஒரு பீஸத் தொவைச்சுப் பாத்துட்டுக் குடுக்கலாமுங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல கண்ணு, விடியக்காலம் கெளம்பறாங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. சண்முகநதியில் குளித்து எழுந்ததும் வேல் பாதியைக் காணோம். மஞ்சள் பனியன் ரோஸ் கலராகிவிட்டது. திரும்பி வந்தவர்கள் மூட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டு, காசைத் திருப்பிக் கேட்டார்கள். தெருவே பார்த்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பிக்மெண்ட் மை சாயம் மாதிரி நூலுக்குள் போகாது. பைண்டர் என்ற பசைதான் அதைத் துணி மேல் பிடித்து வைக்கிறது. அந்தப் பசை நன்றாக இறுக சூடு வேண்டும். ஏறக்குறைய 150 டிகிரியில் சில நிமிஷம். பட்டறையில் பீஸை பெல்ட்டில் போட்டு கியூரிங் மெஷினுக்குள் விடுவார்கள். அது வேறு ஆள் வேலை என்பதால் நான் கவனித்ததே இல்லை. காற்றில் காய்ந்தது காய்ந்ததாகவே தெரியும், கைக்கும் ஒட்டாது. தண்ணீர் பட்டால்தான் வேஷம் கலையும்.

அவசரக் கூட்டம் கூட்டினோம். நட்டம் அந்த ஐந்து பேருக்கா, பன்னிரண்டு பேருக்குமா என்று ரெண்டு மணி நேரம் பேச்சு. எங்களை நம்பி மீட்டர் வட்டிக்கு வாங்கச் சொல்வீர்களா என்று அழுதேன். கடைசியில் பொருளாளர் அக்கா சொன்னார்: "கடன் குடுக்கறப்போ பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போட்டம். வட்டிய குழு உட்டுரும். அசல அஞ்சு பேரும் பதினெட்டு மாசத்துல கட்டோணும்." அதுவே தீர்மானம் ஆனது. வாங்கிய காசு முழுவதையும் திருப்பிக் கொடுத்தோம். ஒரு தவணைகூடத் தப்பாமல் கடனையும் கட்டினோம். அதைப் பார்த்துத்தான் பேங்கில் அடுத்த கடன் கொடுத்தார்கள். அதில் பழைய ஹீட் பிரஸ் ஒன்று வாங்கினோம்.

கையும் தண்ணீரும்

இரண்டாவது பாடம் உடம்பில் படித்தது. அப்போது மருந்தில் பைக்ரோமேட் கலந்துதான் ஸ்கிரீன் போடுவோம். ஆரஞ்சு நிறத் தூள். கையுறை இல்லாமல் கலக்கினோம். எனக்கும் இன்னொருத்திக்கும் விரல் இடுக்கில் புண் வந்து ஆறவே இல்லை. அது குரோமியம் விஷம், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்று டாக்டர் சொன்ன அன்றே நிறுத்தினோம். இப்போது பைக்ரோமேட் இல்லாத ரெடிமேட் மருந்துதான் வாங்குகிறோம், விலை கூடத்தான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் தண்ணீர் எந்தக் கலரில் ஓடியது என்று நம் எல்லாருக்கும் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் நின்றது, கரையோர விவசாயம் போனது. கலர் துணி கிடைக்காமல் எங்களுக்கும் மாசக்கணக்கில் வேலை படுத்துவிட்டது. ஆனாலும் அந்த நேரத்தில்தான் எங்கள் சாக்கடையையும் பார்த்தோம். அதிலிருந்து ஸ்கிரீனில் மிஞ்சும் மையை வழித்து டப்பாவிலேயே போடுகிறோம், பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறோம், அதற்குப் பிறகுதான் தண்ணீர். சின்னத் தொழில்தான், ஆனால் கிணறு எல்லாருக்கும் ஒன்று.

கணக்கு

முதல் மூன்று வருஷம் எங்கள் கூலியை நாங்கள் கணக்கில் எழுதவே இல்லை. மிஞ்சினதைப் பங்கு போட்டோம். குழுப் பயிற்சியில்தான் கூலியும் ஒரு செலவு என்று கற்றுக் கொடுத்தார்கள். பிலிமும் ஸ்கிரீனும் பத்துப் பீஸானாலும் நூறு பீஸானாலும் ஒரே செலவு. அதற்கு அறுநூறு ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பீஸ் அடித்தால் ஒன்றுக்கு முப்பது ரூபாய், நூறு அடித்தால் ஆறு ரூபாய். இது புரியாமல் சின்ன ஆர்டருக்கும் பெரிய ஆர்டர் ரேட் சொல்லி நிறைய ஏமாந்தோம். இப்போது பாதி அட்வான்ஸ் வாங்கி, ஒரு சாம்பிள் பீஸில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மற்றதை அடிப்போம். ஊர்ப்பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் நூறு பீஸும் நம் தலையில்தான்.

2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோதும், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் ஆர்டர் நின்றது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பை தடை வந்ததும் துணிப்பை கேட்டு ஆள் வந்தார்கள். 2020 ஊரடங்கில் திருவிழாவும் இல்லை, விளையாட்டும் இல்லை. மாஸ்க் தைத்து ஓட்டினோம். இன்றைக்கு எங்கள் வேலையில் பாதி தாம்பூலப் பையும் மஞ்சப்பையும்தான்.

நோட்டில் விட்டது

தைப்பூச நட்டத்துக்குப் பிறகு அந்தச் சின்னவள் தன் பங்கை முதல் ஆளாகக் கட்டினாள். காதில் கிடந்த தோட்டை விற்றுத்தான் கட்டினாள். கட்டி முடித்து, குழுவை விட்டு விலகி, பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். தீர்மான நோட்டில் "சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்" என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான். துவைத்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதையும், நான் தடுத்ததையும் எழுதவில்லை. அந்தக் கூட்டத்தில் வாயாலும் சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாசம் அவள் வீட்டுக்குப் போய் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்க்கா. பேரு மட்டும் வேண்டாமுங்க" என்றாள். அதனால் பேர் இல்லை. அவள் பேர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் பேரும் எதற்கு என்று யார் பேரையும் போடவில்லை.

இன்றைக்கும் எந்த ஆர்டரானாலும் முதல் பீஸை அடித்து, சூடு கொடுத்து, ஒரு நாள் விட்டு சோப்புப் போட்டு ஐந்து தடவை துவைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதை அடிக்கிறோம். திண்ணைச் சுவரில் ஆணி அடித்து அந்தப் பீஸைத் தொங்க விட்டிருப்போம். அது அவள் சொன்ன வழி.

இந்தத் தொழிலைக் கற்க விரும்பும் சகோதரிகள் எங்கள் குழுக்கூட்ட நாளில் வாருங்கள். காசு வேண்டாம். பழைய பனியன் ஒன்றும், கையுறை ஒரு ஜோடியும் கொண்டு வந்தால் போதும்.