தென்னாற்காட்டு இருப்புப்பாதையும் பாரதியின் வாசகர் தேடலும்

எழுத்தாளரும் ஓவியரும் இன்று முகநூல், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்களின் வழியே வாசகரை நேரே சென்றடைய முயல்வதற்குத் தமிழில் நூறாண்டுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதையைச் சார்ந்து நிகழ்ந்தது. சென்னையிலிருந்து வரும் அப்பாதையிலிருந்து விழுப்புரத்தில் பிரியும் கிளை 1879இல் புதுச்சேரியை எட்டியதால், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அந்நகரம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் ஊடாகப் பிரிட்டிஷ் இந்தியாவோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது.

1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழை நடத்திய சுப்பிரமணிய பாரதி, அரசியல் நிகழ்ச்சி ஒன்றை ஒரே சித்திரத்தில் விமரிசிக்கும் கருத்துப்படத்தைத் தமிழ் இதழியலுக்குக் கொண்டுவந்தார். அவ்வடிவம் வாசகருக்குப் புதிது என்பதால், படத்தை வெளியிட்டதோடு நில்லாமல் அதன் பொருளையும் எழுத்தில் விளக்கினார். இவ்வாறு படமும் உரையும் ஒன்றையொன்று தாங்கி நின்றது அவ்விதழின் தனிச்சிறப்பு. சந்தா வகுக்கப்பட்ட முறையும் குறிப்பிடத்தக்கது: அரசாங்கங்களுக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் பிரபுக்களுக்கும் 30 ரூபாய், மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருவாயுள்ளவர்களுக்கு 15 ரூபாய், ஏனையோருக்கு 3 ரூபாய். வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுத்து எளியவரின் வாசிப்பைத் தாங்கவேண்டும் என்ற எண்ணம் இவ்விகிதத்தில் தெளிவாகவே தெரிகிறது. அரசியலில் மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயர், கருத்து வேறுபாட்டையும் மீறிப் பாரதியின் பாடல்களை 1907இல் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தது, அக்கவிஞரின் பெயர் இதழ் வாசகருக்கு அப்பாலும் பரவ வழிசெய்தது.

1908இல் இதழின் சட்டபூர்வ ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானபின் பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் பின்தொடர்ந்து அங்கே இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் காவல்துறை நேரடியாகக் கைவைக்க முடியாத இடத்தில் அச்சிடும் உரிமை கிடைத்ததே தவிர, வாசகரில் மிகப் பெரும்பாலோர் எல்லைக்கு இப்பால்தான் இருந்தனர். தென்னாற்காட்டைக் கடந்துதான் இதழ் அவர்களை அடையவேண்டும். அப்படிக் கடப்பதற்கான வழியோ எதிராளியின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு தன் ஆட்சிப்பகுதிக்குள் இதழ் நுழைவதைத் தடுத்ததும் ‘இந்தியா’ 1910 மார்ச்சில் நின்றது. எழுத்தின் வலிமையோ படத்தின் கூர்மையோ குறைந்ததால் நேர்ந்த முடிவன்று அது; வாசகரோடு இருந்த தொடர்பு முழுவதும் பிறருக்குச் சொந்தமான ஒரே வழியை நம்பியிருந்ததே காரணம். கணக்கு ஒன்று முடக்கப்பட்டதும் பல்லாண்டு சேர்த்த வாசகரை ஒரே நாளில் இழக்கும் இன்றைய எழுத்தாளரின் நிலையும் அடிப்படையில் இதுவேயாகும். கருத்துப்படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்ற இதழைக் கொண்டுவரப் பாரதி திட்டமிட்டிருந்ததும் நிறைவேறாமல் போனது, தமிழ் ஓவிய வரலாற்றுக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி, தென்னாற்காட்டின் தலைநகரான கடலூர் அருகே கைதாகிச் சில வாரம் சிறையிலிருந்து விடுதலையானார். 1920இல் அவர் கடையம் என்னும் ஊரிலிருந்து அனுப்பிய சுற்றறிக்கை, வாசகரையே முதலீட்டாளராக்கும் துணிவான முயற்சியாகும். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படிகள் வீதம் அச்சிட எண்ணிய அவர், நண்பர்கள் ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாய் கடனாகத் தரவேண்டும் என்றும், அதற்கு மாதம் 2 விழுக்காடு வட்டி தருவதாகவும் எழுதினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விற்பதைவிட எளிதாகத் தம் நூல்கள் வீடுதோறும் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அரசின் கண்காணிப்புக்கு உள்ளானவருக்குக் கடன் தர முன்வந்தோர் மிகச் சிலரே. திட்டம் கைகூடாத நிலையில், அவ்வாண்டின் இறுதியில் பாரதி சென்னைக்குத் திரும்பிச் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் மீண்டும் துணையாசிரியராகச் சேர்ந்தார்.