புகைக்குழாயும் எரிகலவையும்
புகைக்குழாயைப் புகை போகும் வழி என்றே பலரும் கருதுவர். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிலகப் பொறியியலாளர் வால்ட்டர் காடன், 1950-ஆம் ஆண்டுகளில் அதனை வேறு கண்கொண்டு நோக்கினார். மோட்டார் சைக்கிளின் இருவீச்சு இயந்திரத்தில், புதிதாய் நுழையும் எரிகலவையின் ஒரு பகுதி புகையோடு வெளியேறி வீணாகும். காடன் குழாயின் நடுப்பகுதியைப் பருக்கச் செய்து முனையைக் குறுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்; அங்கே மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பிய கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளிற்று. 1961-இல் அவருடைய 125 சி.சி. பந்தய இயந்திரம் 25 குதிரைத்திறன் ஈந்தது.

ஆயினும் அலையின் துணை குறிப்பிட்ட வேகத்தில்தான் கிட்டும். குழாய் மாறினால் உள்ளிழுக்கப்படும் காற்றின் அளவும் மாறும். கார்புரேட்டரின் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றல் வேண்டும். எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஓசைக்காகக் குழாய் மாற்றுவோர் இதனை எண்ணுவது அரிது.

அவ்வாண்டு செப்டம்பரில், சுவீடன் பந்தயத்தில் இயந்திரம் பழுதுற்ற எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்றார். காடனின் நுட்பமும் உடன் சென்றது. 1962-இல் சுசூக்கி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை அவர் வென்றார். காடனோ எம்.இசட். தொழிலகத்திலேயே தங்கிவிட்டார்.