சின்ன வல்லூறு: ஒரு வேட்டைப்பறவையின் பெயர் வரலாறு

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற ஊர்களின் தோப்புகளிலும், மேற்கே கல்வராயன் மலையடிவாரக் காடுகளிலும் காணத்தக்க சிறு வேட்டைப்பறவை ஷிக்ரா. இதனைத் தமிழில் வல்லூறு என்றும் வைரி என்றும் வழங்குகின்றனர். இவ்விரு பெயர்களும் ஒரே வழியில் வந்தவை அல்ல.

அறிவியல் நூல்களுக்குள் இப்பறவை இலங்கை வழியாக நுழைந்தது. பீட்டர் பிரவுன் 1776இல் வெளியிட்ட படத்தொகுப்பில் இடம்பெற்ற இலங்கைப் பறவையை அடிப்படையாகக் கொண்டு, 1788இல் க்மெலின் இதற்கு ‘ஃபால்கோ பேடியஸ்’ எனப் பெயரிட்டார். சென்னைப் படை மருத்துவரான ஜெர்டன் 1862இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் இதன் தமிழ்ப்பெயர் ‘சின்ன வல்லூறு’ எனக் காணப்படுகிறது. ‘சின்ன’ என்னும் அடைமொழி நோக்கத்தக்கது. வல்லூறு என்பது ஒரு தனிப்பறவையின் பெயராக அன்றி ஒரு கூட்டத்தின் பொதுப்பெயராக வழங்கியதை அது காட்டுகிறது.

ஷிக்ரா என்பதோ வேட்டைத்தொழிலின் சொல். இந்துஸ்தானியில் அது பெண்பறவையை மட்டுமே குறிக்கும். ஆண்பறவை ‘சிப்பக்’ எனப்படும். இவ்வினத்தில் பெண்ணே உருவிற் பெரியது. காடை, கவுதாரி பிடிக்கப் பழக்குவோர் அவ்வேறுபாட்டைப் பெயரிலேயே பதித்துக்கொண்டனர். வைரி என்னும் சொல்லும் அத்தொழில்மொழியின் ‘பஹ்ரி’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. ஆனால் பஹ்ரி, பாறைமுகடுகளில் வாழும் பொரி வல்லூற்றின் பெண்பறவை. இக்கருத்துப் பொருந்துமாயின், திறந்த வெளியில் பாய்ந்து வேட்டையாடும் பறவையின் பெயர் மரக்கிளையில் பதுங்கியிருந்து தாக்கும் பறவைக்கு இடம்பெயர்ந்துள்ளது எனலாம்.

குறுந்தொகை 151ஆம் பாடலில் எழால் தாக்க, துணையைக் காணாது அகவும் பெண்பறவை வருகிறது. அந்த எழாலை ஷிக்ரா என்று உறுதிசெய்யும் உரைவிளக்கம் ஏற்புடையதன்று. அப்பாடல் காட்டுவது தாக்குதலையும் அஞ்சிய குரலையுமே; இறகின் அடையாளம் எதுவும் அதில் இல்லை.

கல்வராயன் மலைவாழ் மக்களிடம் பறவைப்பெயர் திரட்டுவோர்க்கும் இதே சிக்கல் உண்டு. ஷிக்ராவின் தொண்டையில் மெல்லிய சாம்பற்கோடு. அடர்காட்டுக்குரிய பெஸ்ராவுக்கோ தடித்த கருங்கோடு. தொலைவிலிருந்து இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. போதாக்குறைக்கு, அக்காக்குயில் ஷிக்ராவின் நிறத்தையும் பறக்கும் முறையையும் ஒத்திருக்கிறது. அது வந்தமர்ந்தால் தவிட்டுக்குருவிகளே வல்லூறு என்று அஞ்சிக் கலைகின்றன.