பத்து டன் லாரியில் பதினைந்து டன் உப்பு

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முக்காணி, ஆத்தூர் தாண்டினால் ஆறுமுகநேரி. சுற்றிலும் உப்பளங்கள். உப்பு விலை குறைந்த சரக்கு, ஆனால் கனமான சரக்கு. இந்த மாதிரி சரக்கில் லாரி வாடகைதான் பெரிய செலவு. அதனால் ஒரே நடையில் இன்னும் நாலு மூட்டை போட்டால் என்ன என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சிமெண்ட், மணல், நிலக்கரி எதுவானாலும் இதே கதைதான்.

இந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான் அச்சு எடை வரம்பு வந்தது. லாரியின் மொத்த எடையை மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு ஆக்சிலும் சாலையை எவ்வளவு அழுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தக் கருத்து உண்டு. 1988-ல் வந்த புதிய சட்டத்தில் 113-வது பிரிவு இதைச் சொல்கிறது. 1996 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த கணக்கு இது: இரண்டு டயர் உள்ள முன் ஆக்சிலுக்கு 6 டன், நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலுக்கு 10.2 டன். ஆக, ஆறு சக்கர லாரிக்கு மொத்தம் 16.2 டன். லாரியின் சொந்த எடை போக, சரக்கு சுமார் 10 டன்தான்.

கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுவிடும்? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். சாலைக்கு வரும் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது என்பது அதில் கிடைத்த பாடம். எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு! 10.2 டன் தாங்க வேண்டிய ஆக்சிலில் 14 டன் ஏறினால் சேதம் சுமார் மூன்றரை மடங்கு. அந்தச் செலவு லாரி வாடகை பில்லில் வராது. வரி கட்டும் எல்லோர் தலையிலும் விழும்.

இப்போது வியாபாரக் கணக்குக்கு வருவோம். டன்னுக்கு வாடகை 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 டன் கூடுதலாக ஏற்றினால் நடைக்கு 5000 ரூபாய் அதிகம். பத்து நடையில் 50,000. 1994 திருத்தத்தின்படி அபராதம் 2000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 1000. அதாவது 7000 ரூபாய். பத்து நடையில் ஒருமுறை மாட்டினாலும் லாபம்தான்! 2019-ல் இதை 20,000 ரூபாய், டன்னுக்கு 2000 என்று உயர்த்தினார்கள். அதே லாரிக்கு இப்போது 30,000. பத்தில் ஒருமுறை மாட்டினால் அப்போதும் 20,000 மிச்சம். எனவே அபராதத் தொகையை விட, எத்தனை முறை எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்பதே முக்கியம்.

சில மாநிலங்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தன. மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் ஓவர்லோடோடு போகலாம்! 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. அபராதம் கட்டினாலும் கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும்.

2018 ஜூலையில் அரசு வரம்பையே உயர்த்தியது. 16.2 டன் 18.5 ஆனது. பத்து சக்கர லாரிக்கு 25 டன் 28.5 ஆனது. பின் ஆக்சிலுக்கு 10.2 டன் 11.5 ஆனது. கேட்க சின்ன வித்தியாசம். நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள், சேதம் சுமார் 60 சதவீதம் கூடும்.

இதில் டிரைவர் நிலைமைதான் பாவம். லோடு எவ்வளவு என்று முடிவு செய்வது முதலாளியும் சரக்கு அனுப்புபவரும். பிரேக் பிடிக்காமல் போனால் ஸ்டியரிங் முன்னால் இருப்பது அவர். செக்போஸ்ட்டில் இறங்கி நிற்பதும் அவர். ஆனால் சட்டம் அவரை மட்டும் குறிவைக்கவில்லை. ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி என்கிறது 194-வது பிரிவு. டிரைவர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றும் 113-வது பிரிவு சொல்கிறது.

சட்டப் புத்தகத்தில் இத்தனை வருடமாக இருக்கும் இந்த வரிகளை லோடு ஏற்றும் இடத்திலேயே பயன்படுத்தினால், சாலையும் பிழைக்கும், டிரைவரும் பிழைப்பார்.